கோவில் பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்கிறார்களா? ஸ்கேனரைத் தொடும் முன் படியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் புரோகிராமர் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் பழைய புத்தகக் கட்டோடு வாசலில் வந்து நிற்பார். கோவில் உபயக் கணக்கு, மரண சகாய நிதிச் சந்தா, கூட்டுறவுக் கடையின் பற்று வரவு, மூடிப்போன தோட்டத்தின் செக்ரோல் (வேலையாள் வருகை, சம்பளப் பதிவேடு) என்று ஏதாவது ஒன்று இருக்கும். “தம்பி, இத கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துடுப்பா” என்பார். ஒரு வார வேலை என்று எண்ணித் தலையாட்டிவிடாதீர்கள்.

தாளில் அடித்தலும், மேலெழுத்தும், ஓரக்குறிப்பும், மையின் நிறமும் எல்லாமே தகவல். நமக்குப் பழக்கமான டேட்டாபேஸ் டேபிளில் இவற்றுக்கு இடமே கிடையாது. அந்த இடத்தை நீங்கள் முன்கூட்டியே ஒதுக்காவிட்டால், கிராணி, அதாவது கணக்கு எழுதிய எழுத்தர், எழுதியது போய், நீங்கள் புரிந்துகொண்டது மட்டும்தான் மிஞ்சும். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதைத் தடுப்பதற்காகத்தான்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று கேளுங்கள்

“எல்லாத்தையும் ஏத்து” என்பதை வைத்து வேலையைத் தொடங்க முடியாது. இந்தப் புத்தகத்தை யார், எதற்காகப் புரட்டுகிறார்கள் என்று செயலாளரைக் கேளுங்கள். “பத்தாம் நாள் உபயம் யார் குடும்பத்துக்கு?”, “இந்தப் பாட்டி எந்த வருஷம் வரைக்கும் சந்தா கட்டினார்?” போன்ற மூன்று நான்கு கேள்விகள்தான் பெரும்பாலும் வரும். அதற்குப் பக்கங்களின் படமும் ஒரு பெயர்ப் பட்டியலும் போதும் என்றால், ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. செலவு பத்தில் ஒரு பங்காகக் குறையும். செலவைப் பற்றி 8ஆம் படியில் சொல்கிறேன்.

2. கையெழுத்தில்லாமல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்

மூன்று தாள்கள் வேண்டும். ஒன்று, இந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்ததாகச் செயலவைக் கூட்டக் குறிப்பில் எழுதிய தீர்மானத்தின் நகல். தலைவர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. அடுத்த தேர்தலில் நிர்வாகம் மாறினால், “புத்தகத்தை யார் கொண்டு போனது?” என்ற கேள்வி உங்கள் மேல்தான் விழும்.

இரண்டாவது, கைமாற்றுச் சீட்டு. எத்தனை புத்தகம், ஒவ்வொன்றிலும் எத்தனை தாள், எந்தத் தாள் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது, எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தாள்களை அவர்கள் முன்னாலேயே எண்ணுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும், இருந்தாலும் எண்ணுங்கள்.

மூன்றாவது, யார் எதைப் பார்க்கலாம் என்ற ஒப்புதல். சந்தாப் புத்தகத்தில் ஐசி (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி, வாரிசின் பெயர் எல்லாம் இருக்கும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைக் குறிவைத்தது. அது உங்கள் கோவிலுக்குப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருப்பதை விட, பொருந்தும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. பொதுவில் வைக்கும் பட்டியலில் ஐசி எண் இருக்கவே கூடாது.

புத்தகத்தை நாள் பார்த்து வாங்குங்கள். பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். அந்த நேரத்தில் கணக்குப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் தினமும் போன் வரும். தைப்பூசம், தீமிதி நாட்களையும் ஒதுக்கிவிடுங்கள்.

3. தாளைத் தயார் செய்தல்

தைத்த புத்தகத்தைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஸ்கேன் செய்வது சுலபம்தான்; ஆனால் தாள்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதற்கான ஒரே சாட்சி அந்தத் தையல். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் மென்மையான பென்சிலால், 2பி என்றால் நல்லது, வரிசை எண் போடுங்கள். வெற்றுப் பக்கத்துக்கும் எண் வேண்டும். கிராணி போட்ட பக்க எண் ஏற்கெனவே இருந்தாலும் அதை நம்பாதீர்கள். 87க்குப் பிறகு மறுபடியும் 78 வரும், அல்லது ஓர் எண் இருமுறை வரும். உங்கள் எண் தனி, அவர் எண் தனி. இரண்டையும் பதிந்து வையுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். இழுக்காமல் பின்பக்கத்துக் கால்களை நிமிர்த்தி மெதுவாக எடுங்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம், அப்படியே படம் எடுங்கள். கிழிசலை செலோடேப்பால் ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தை மறைத்துவிடும். லேமினேட் செய்யலாமா என்று எப்படியும் ஒருவர் கேட்பார். கூடாது. ஒருமுறை சூடுபடுத்தி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்கவே முடியாது.

புத்தகக் கட்டுக்குள் கடை ரசீதுகள் இருந்தால் அவற்றை முதல் நாளே படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தால் அச்சாகும் ரசீது தானாகவே மங்கும். நூறு வருஷத்துப் பேனா மை நிற்கும், போன வருஷத்துப் பெட்ரோல் ரசீது நிற்காது.

4. படம் எடுத்தல்

இங்கே பலரும் மாட்டிக்கொள்வது அளவில்தான். பழைய பேரேடுகள் பெரும்பாலும் ஃபுல்ஸ்கேப், ஏறக்குறைய எட்டரைக்குப் பதின்மூன்று அங்குலம். வீட்டு ஸ்கேனர் ஏ4, பதினொன்றே முக்கால் அங்குலம்கூட இல்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நிற்கும். வெட்டுப்படுவது பெரும்பாலும் பக்கத்தின் அடி, அதாவது கூட்டுத்தொகையும் கையெழுத்தும் இருக்கும் இடம். 400 பக்கம் முடித்த பிறகு இதைக் கவனிப்பது கொடுமை. முதல் ஐந்து பக்கத்தை எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஏ3 ஸ்கேனர் கைக்கு எட்டாவிட்டால் போன் போதும், ஆனால் ஸ்டாண்டில் மாட்டி எடுக்க வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4,000 புள்ளி. பதின்மூன்று அங்குலப் பக்கம் ஒன்று சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு 307 புள்ளி கிடைக்கும், போதுமானது. விரித்த இரண்டு பக்கத்தை ஒரே படமாக எடுத்தால் 17 அங்குலத்துக்கு அதே 4,000 புள்ளிதான், 235 ஆக இறங்கிவிடும். ஆகவே பக்கத்துக்கு ஒரு படம். ஸ்கேனரில் எடுப்பவர்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வைக்கலாம். மங்கிய பென்சில் எழுத்துக்கு 400.

கலரில் எடுங்கள். சிவப்பு மையில் திருத்தியது தணிக்கையாளராக இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் அது கிராணியின் எழுத்தோடு கலந்துவிடும். போனில் இருக்கும் ஸ்கேன் ஆப்புகள் பின்னணியை வெளுக்கும்போது பென்சில் குறிப்பையும் சேர்த்து வெளுத்துவிடும், அதனால் வெறும் கேமராவே மேல். பிளாஷ் வேண்டாம், இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கார்பன் நகல் போன்ற மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேர்க்காதீர்கள், சுருங்கிவிடும்.

கோப்புப் பெயரில் தமிழும் இடைவெளியும் வேண்டாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் சங்கச் சுருக்கம், இரண்டு இலக்கப் புத்தக எண், நான்கு இலக்கப் பக்க எண், அவ்வளவுதான். பக்கம் 7 என்பது 0007 ஆக இருந்தால்தான் வரிசை ஒழுங்காக நிற்கும். மறுபடி எடுத்த படத்தைப் பழைய பெயரிலேயே மேலெழுதாமல் பின்னால் 2 சேருங்கள். முடிந்த அன்றே எல்லாக் கோப்புக்கும் ஷா-256 (கோப்பு மாறினால் தானும் மாறும், கைரேகை மாதிரி ஓர் எண்) எடுத்து ஒரு பட்டியலாக வைத்துவிட்டால், பின்னால் எது கெட்டது என்று தேட வேண்டியிருக்காது.

5. டேபிள்: எழுதியது ஒரு பக்கம், புரிந்தது ஒரு பக்கம்

ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு பத்தி (நெடுவரிசை) வையுங்கள். முதலாவதில் தாளில் உள்ளது உள்ளபடி, பிழையோடு. இரண்டாவதில் நீங்கள் செய்த பொருள்கொள்ளல். கூடவே புத்தக எண், பக்க எண், வரி எண், தட்டச்சு செய்தவர், தேதி. முதல் பத்தியைப் பிறகு யாரும் மாற்றக் கூடாது. படத்தோடு ஒப்பிட்டுத் தட்டச்சுப் பிழை என்று தெரிந்தால் மட்டும், பதிவு வைத்துத் திருத்தலாம். எல்லாம் டெக்ஸ்ட் வகையில் இருக்கட்டும். ஒரு புத்தகத்துக்கு எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறிய டேட்டாபேஸ்) போதும். பெரிய சர்வர் அமைத்துப் பாதி வேலையில் களைத்துப் போகாதீர்கள்.

மேற்படி. பேரேட்டில் “மேற்படி” என்றோ, அதற்கான ௸ குறியோ, வெறும் இரண்டு கோடோ கீழ்கீழாக வரும். அதை அப்படியே ஷீட்டில் ஏற்றி, யாராவது ஒருமுறை பெயர் வரிசைப்படி அடுக்கிவிட்டால், எந்த மேற்படி யாருக்கு என்பது போயே போய்விடும். தட்டச்சு செய்யும்போதே இரண்டாவது பத்தியில் விரித்து எழுதுங்கள்.

பெயர். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூன்றும் ஒரே பெண்ணாக இருக்கலாம். மூன்று பெண்களாகவும் இருக்கலாம். நிரல் எழுதித் தானாக இணைக்காதீர்கள். ஆட்களுக்குத் தனி டேபிள் வைத்து, எந்த வரி எந்த ஆள், அதை யார் முடிவு செய்தார் என்று குறியுங்கள். அப்பா பெயர், லயத்து வீட்டு எண், பட்டப்பெயர் ஆகியவற்றை வைத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரே மாலையில் தீர்த்துவைப்பார். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி போடும் பழக்கத்தை விடுங்கள், நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதிலுள்ள சாய்கோடு கோப்புப் பெயரிலும் இணைய முகவரியிலும் வம்பு செய்யும். தோட்டங்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம்மவர் வாயில் வேறொரு பெயர் உண்டு. பட்டணங்களும் அப்படித்தான், தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. மாற்றுப் பெயர்களுக்கு ஒரு சிறு டேபிள் தேவைப்படும்.

ஐசி. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இது நல்ல சோதனை. ஆனால் முதல் இரண்டு இலக்கம் நூற்றாண்டைச் சொல்லாது. 25 என்பது பாட்டியா பேத்தியா என்பதைப் பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எக்செல் இதை எண்ணாக எடுத்துக்கொண்டால் 03 என்று தொடங்கும் ஐசியின் முன் சைபரைத் தின்றுவிடும், மற்றதை அடுக்குக்குறி வடிவில் காட்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட்) கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காமல், இறக்குமதி வழியாகப் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லித் திறங்கள். பழைய 7 இலக்க எண்ணுக்குத் தனிப் பத்தி வேண்டும். ஐசியை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு ஆளையும் தனித்துக் காட்டும் பத்தியாக) வைக்க வேண்டாம், புத்தகத்தில் பாதிப் பேருக்கு அது இருக்காது.

தேதி. “சுமார் 1932” என்று எழுதியிருந்தால் அதை 01-01-1932 ஆக்காதீர்கள். முந்தியது, பிந்தியது என்று இரண்டு பத்தி வைத்து எல்லையைக் குறியுங்கள். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்: குரோதி என்றால் 1964-65, 2024-25 இரண்டுமே. அதோடு வருஷம் சித்திரையில் பிறப்பதால், மாதம் தெரியாமல் ஆங்கில ஆண்டைத் தீர்மானிக்க முடியாது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு கண்ணி: தீபகற்ப மலேசியாவின் நேரம் ஜப்பானியர் ஆட்சி முடிந்ததிலிருந்து 1981 முடியும் வரை யூடிசியை (உலகப் பொது நேரம்) விட ஏழரை மணி முன்னால், 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி முன்னால். ஒரு நிரல் 05-03-1965 நள்ளிரவை எட்டு மணிக் கணக்கில் யூடிசியாக்கிச் சேமிக்கிறது. இன்னொன்று நேர மண்டலப் பட்டியலைச் சரியாகப் பார்த்து ஏழரை மணி சேர்த்துக் காட்டுகிறது. திரையில் வருவது மார்ச் 4, இரவு 11:30. தேதி மட்டும் தெரியும் திரையில் ஜப்பானியர் ஆட்சிக்குப் பிறகு, 1982க்கு முன் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் குறையும், இளையவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும். பிறந்தநாளுக்கு மணி நேரம் வேண்டாம்; தேதி வகையில் மட்டும் வையுங்கள்.

நிறை. செக்ரோலிலும் கடைக் கணக்கிலும் பவுண்டு, காட்டி, பிக்குல் வரும். ஒரு பிக்குல் 100 காட்டி, அதாவது 60.48 கிலோ. ஒரு காட்டி 16 தாயில். அதனால் 3.12 என்று எழுதியிருந்தால் அது மூன்று காட்டி பன்னிரண்டு தாயிலாக இருக்கலாம், அப்படியானால் மூன்றே முக்கால். புள்ளிக்குப் பின்னால் 15 வரைக்கும் வந்து 16ஐத் தொடவே இல்லை என்றால் தசமம் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். நிலத்தில் ஏக்கர், ரூட், போல் வரும்: நான்கு ரூட் ஓர் ஏக்கர், நாற்பது போல் ஒரு ரூட்.

பணம். தொகையை முழு எண்ணாகச் சென் கணக்கில் சேமியுங்கள், தசமப் பிழை வராது. டாலர் குறி இருந்தால் அது நம் வெள்ளிதான் (மலேசிய நாணயம்), அமெரிக்க டாலர் இல்லை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்து (1942–45) வரிகள் இருந்தால் நாணயப் பத்தியில் தனியாகக் குறித்துவிடுங்கள். அந்தத் தொகையை மற்றதோடு கூட்டினால் அர்த்தமில்லாத எண் வரும்.

6. தமிழ் எழுத்து

எல்லாம் யூனிகோடு, யூடிஎஃப்-8. 1990களில் கம்ப்யூட்டரில் அடித்த கடிதங்கள் கிடைத்தால், திறக்கும்போது ஐரோப்பிய எழுத்துக் கூளமாகத் தெரியும். அது டிஸ்கி போன்ற பழைய குறியீடு. திரும்ப அடிக்காமல், எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றுங்கள்.

தேடலில் கிடைக்காத பெயர்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரணம். கொ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் சீராக்கினால் தீரும். கௌரியை கெளரி என்று ளகரம் போட்டு அடிப்பது இரண்டாவது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், என்எஃப்சி தீர்க்காது, நீங்களே விதி எழுத வேண்டும். ஸ்ரீ மூன்றாவது, இரண்டு வெவ்வேறு எழுத்துகளிலிருந்து உருவாகலாம். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெஸராக்ட் நிரல் தமிழ் அச்சு எழுத்தை ஓரளவு படிக்கும், துணைக்காலையும் ரகரத்தையும் அடிக்கடி மாற்றிப் போடும். கையெழுத்துக்கு அதை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

1, 2 என்பதற்குப் பதில் ௧, ௨ என்று எழுதியிருந்தால் கவனம். பழைய முறையில் ௰௫ என்றால் 15. அதை இலக்கம் இலக்கமாக மாற்றும் நிரல் தவறான தொகையைத் தரும்.

7. தட்டச்சும் ஒத்துப்பார்த்தலும்

முதல் சோதனை பக்கக் கூட்டு. நீங்கள் அடித்த வரிகளின் கூட்டும் கிராணியின் கூட்டும் ஒவ்வாவிட்டால், முதலில் “முன்பக்கத் தொகை” என்ற வரியைத் தேடுங்கள். அதை ஒரு சந்தா வரியாக அடித்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு, அதனால் மொத்த வசூல் பல மடங்கு ஊதிவிடும். அடுத்து உங்கள் தட்டச்சு. இரண்டும் சரியென்றால் கிராணியே தவறாகக் கூட்டியிருக்கிறார். அவர் தொகையைத் திருத்தாமல், ஒவ்வாமையை ஒரு பத்தியில் குறித்துவிட்டு நகருங்கள். கணக்கில் கைவைத்ததாகப் பிற்பாடு யாரும் சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது, பத்துப் பக்கத்துக்கு ஒன்றை இன்னொருவர் முதல் பதிவைப் பார்க்காமல் மறுபடி அடிக்கட்டும். நூறு வரியில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் அந்தப் பகுதி முழுவதையும் திரும்பச் செய்யுங்கள். படிக்க முடியாத இடத்தில் ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போடப் பழக்குங்கள். கெட்டிக்காரத் தட்டச்சாளர்தான் இதில் ஆபத்தானவர், எல்லாவற்றையும் அழகாக நிரப்பிவிடுவார்.

8. செலவும் காலமும்

200 தாள் புத்தகம் என்றால் 400 பக்கம். பக்கத்துக்கு 25 வரி, ஆக 10,000 வரி. பழகியவருக்கு வரிக்கு 40 வினாடி என்றால் 111 மணி நேரம். 2025இன் குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72 வருகிறது, ஒரு புத்தகத்துக்குத் தட்டச்சு மட்டும் ஏறக்குறைய 970 வெள்ளி. படம் எடுப்பது இரண்டு பேருக்கு ஒரு நாள். பெயர்ப் பட்டியல் மட்டும் போதுமென்றால் தட்டச்சு பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடியும். இந்த இரண்டு கணக்கையும் தாளில் எழுதித் தலைவரிடம் காட்டுங்கள். “எல்லாத்தையும் ஏத்து” என்பது அங்கேயே சுருங்கும்.

பொருள் செலவில் பெரியது இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் சுமார் 200 முதல் 300 வெள்ளி. ஃபுல்ஸ்கேப் பக்கம் 300 டிபிஐயில் சுருக்காமல் ஏறத்தாழ 30 எம்பி, 400 பக்கம் 12 ஜிபி. கூகுளின் இலவச 15 ஜிபியில் ஒரு புத்தகம்தான் அடங்கும்.

9. ஒப்படைத்தல்

மூன்று நகல், இரண்டு விதமான சேமிப்புச் சாதனம், ஒன்று ஊருக்கு வெளியே. வெள்ளம் வந்தால் கோவில் அலமாரியும் பக்கத்துத் தெருவில் உங்கள் வீடும் ஒன்றாகத்தான் நனையும். ஈப்போவில் இருக்கும் உறுப்பினர் ஒருவரிடம் ஒரு டிஸ்க் இருக்கட்டும். படங்களோடு, எல்லா டேபிளையும் சிஎஸ்வியாகவும், வாசிப்பதற்குப் பிடிஎஃப்/ஏ (நெடுங்காலம் காப்பதற்கான பிடிஎஃப்) வடிவிலும் கொடுங்கள். உங்கள் நிரல் ஓடாத நாளிலும் அவை திறக்கும். ஒப்படைக்கும் முன் நகலிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து, ஷா-256 பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கடவுச்சொல்லைச் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் மூடிய உறையில் தாருங்கள். உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது.

“இனி பழைய புத்தகத்தை எரிச்சிடலாமா?” என்று கேட்பார்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கம்ப்யூட்டர் ஆவணத்தை ஏற்க வழி செய்கிறது என்பது உண்மைதான். அது மூலத்தை அழிக்கக் கொடுத்த அனுமதி இல்லை. கையெழுத்து யாருடையது, எது பிறகு சேர்த்த வரி என்று தகராறு வந்தால் தாளைத்தான் கேட்பார்கள். வருமான வரி தொடர்பான கணக்கை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். புத்தகங்களைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், கறையானுக்கு.

கைமாற்றுச் சீட்டில் திருப்பித் தந்த தேதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஒரே பக்கத்தில், எந்தப் புத்தகம் எந்தக் கோப்புறை, பத்திப் பெயர்களின் பொருள், நகல்கள் யார் யாரிடம் என்று அச்சிட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இதற்கு மட்டும் செலோடேப் பயன்படுத்தலாம்.